சனிக்கிழமை மீன்

அத்தியாயம் 5

மகாராஜனுக்கு நாலு மணி வரைக்கும்தான் நேரம். அதற்குள் அந்தக் கூடுதல் நம்பரை எழுதியது யார் என்று உமாராணி கண்டுபிடிக்காவிட்டால், சுகாதார அதிகாரி எழுதித் தயாராக வைத்திருக்கும் புகார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். மகாராஜனின் வேலையும் கூடவே போய்விடும். பதினொரு வருஷமாக லேப் டெக்னீஷியன். இரண்டு வருஷமாக ஊரில் ஒரு மூக்கு விடாமல் குச்சியை விட்டு, சொந்தக்காரர்களிடம்கூடக் கெட்ட பெயர் வாங்கினவன். காலையில் உமாராணியின் துப்பறியும் ஆபீஸ் வாசலில் நின்று அழுதான். அழும்போதும் மாஸ்க்கைக் கழற்றவில்லை, பாவம். அது நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். முத்தையாபுரம் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது வெண்சங்கு மகளிர் கல்லூரி. கொரோனாவின் மூன்றாவது அலை வந்ததும், ஜனவரியில் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். கிளம்புமுன் எல்லாப் பெண்களுக்கும் பரிசோதனை. 'பாசிட்டிவ்' வந்தவர்கள் மட்டும் வீட்டுக்குப் போகக் கூடாது. பின்பக்கம் இருக்கும் தனிமை பிளாக்கில் ஆளுக்கொரு அறையில் பதினான்கு நாள் இருக்க வேண்டும்.

போன அலையின்போது பாசிட்டிவ் வந்த பெண்களின் பெயர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றி, ஒருத்தியின் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைக்கும் அளவுக்குப் போய்விட்டது. அதனால் இந்த முறை கல்லூரி புதிதாக ஒரு விதி போட்டது. பெயரே கிடையாது, ஆளுக்கு ஒரு நம்பர் சீட்டு. மகாராஜன் பாசிட்டிவ் வந்த நம்பர்களை ஒரு தாளில் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டு, விடுதியின் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டுப் போவான். தன் நம்பரைப் பார்த்த பெண், சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாகவே பிளாக்குக்கு நடக்க வேண்டும். யாருக்கு எந்த நம்பர் என்று கேட்பதே குற்றம்.

நேற்று சுகாதார அதிகாரி வந்து சரிபார்த்தபோது குட்டு உடைந்தது. மகாராஜனின் பதிவேட்டில் பதினொரு நம்பர். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் பன்னிரண்டு. பிளாக்கிலும் பன்னிரண்டு பெண்கள். அதாவது நோயே இல்லாத ஒருத்தியை நோயாளிகளோடு பத்து நாளாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். தாளில் இருப்பது மகாராஜனின் கையெழுத்து, ஆகவே பழியும் அவனுக்குத்தான். மறுபடி பரிசோதித்துப் பார்க்கலாமே என்றால், பத்து நாளில் முக்கால்வாசிப் பேருக்குத் தேறியிருக்கும். ஆரோக்கியமானவள் யார், குணமானவள் யார் என்று எந்த லேப்பாலும் சொல்ல முடியாது.

உமாராணியும் அவள் உதவியாளன் டெரன்ஸும் கல்லூரி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். காவலாளி டெரன்ஸின் நெற்றிக்கு நேரே வெப்பமானித் துப்பாக்கியை நீட்டினார். முப்பத்திரண்டு காட்டியது.

"அப்போ நான் செத்து ரெண்டு மணி நேரம் ஆயிருக்கணும் அண்ணாச்சி," என்றான் டெரன்ஸ். "எதுக்கும் நோட்டுல எழுதிக்கிடுங்க. பொறவு எங்க வீட்ல கேப்பாவ."

காவலாளி சிரிக்காமல் முப்பத்தாறு என்று எழுதிக்கொண்டார்.

உள்ளே ஒரு மனித ஜீவன் இல்லை. ஆனாலும் தரையில் அம்புக்குறி போட்ட வழியில்தான் நடக்க வேண்டுமாம், கேட்டில் சொல்லி அனுப்பினார்கள். எதிரே ஆள் வந்தால் மோதாமல் இருக்க ஒருவழிப்பாதை. எதிரே வருவதற்குத்தான் யாரும் இல்லை. வேப்பமரத்தடி பெஞ்சுகளில் ஒரு பாதி விட்டு ஒரு பாதியில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து கதை பேசிய இடத்தில் இனி ஒருத்தி மட்டும் உட்காரலாம் என்று அர்த்தம். உமாராணிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முதல் ஊரடங்கில் நாற்பது நாள் அவள் தன் வீட்டில் ஒற்றை ஆளாகக் கிடந்தாள். தினமும் போனில் டெரன்ஸ் சொல்லும் மொக்கை ஜோக்கைத் தவிர மனிதக் குரலே கேட்காத நாற்பது நாள். அவனுக்கு அது தெரியாது. தெரிந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பான்.

"எனக்கு ஒண்ணுதான் அக்கா மண்டையில ஏற மாட்டேங்கு," என்றான் டெரன்ஸ், அம்புக்குறியைப் பிடித்தே நடந்துகொண்டு. "ஊரு உலகத்துல எல்லாப் பயலும் நெகட்டிவ் சர்டிபிகேட் எங்க கிடைக்கும்னு அலையுதான். இங்கன பாசிட்டிவ் வேணும்னு எவளாவது ஆசைப்படுவாளா?"

உமாராணி நின்றாள். காலையிலிருந்து அவள் யோசித்தது முழுக்க, ஒரு நல்ல பெண்ணை உள்ளே தள்ள யார் சதி செய்தார்கள் என்றுதான். பெயரே இல்லாத ஒரு நம்பரை வைத்து எவன் எவளை மாட்டிவிட முடியும்? அது தன் நம்பர் என்று அந்தப் பெண்ணுக்கு மட்டும்தானே தெரியும். அவள்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாகவே நடந்து போயிருக்க வேண்டும்.

"ஆசைப்பட்டிருக்கா டெரன்ஸ்," என்றாள்.

தனிமை பிளாக்கின் வாசலில் நர்ஸ் எமில்டா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முகக்கவசத்துக்கு மேல் மூக்குக் கண்ணாடி, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவசம்; கண்ணாடியும் கவசமும் ஆவி படிந்து, யாரோடு பேசுகிறோம் என்று தெரியாமலேதான் பேசினார். காலை ஏழுக்கு ஒருமுறை, மாலை ஐந்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கதவாகத் தட்டி, காய்ச்சல், ஆக்ஸிஜன், இருமல் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வது அவர் வேலை. நோட்டைக் காட்டுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அதில் பெயர் கிடையாது, அறை எண் மட்டும்தான்.

உமாராணி பக்கங்களைப் புரட்டினாள். 'வாசனை தெரிகிறதா' என்ற கட்டத்தில் பன்னிரண்டு அறைக்கும் 'இல்லை' என்றே எழுதியிருந்தது.

பன்னிரண்டு பேருக்குமா மூக்கு போய்விட்டது என்று டெரன்ஸ் கேட்டான். எமில்டா சற்று நெளிந்தார். தாழ்வாரத்தில் நின்று சத்தமாகத்தான் கேட்கிறாராம். முதல் அறைக்காரி இல்லை என்றால் அடுத்தவளும் இல்லை என்பாள். பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிற மாதிரிதான் இங்கேயும் பதில் சொல்லும் என்று சலித்துக்கொண்டார்.

மற்றப் பக்கங்களை உமாராணி தாண்டிப் போனாள். ஆறு நாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அவள் விரல் நின்றது. அன்று பத்து அறைகளுக்கு நேரே 'வயிற்றுப்போக்கு' என்று எழுதியிருந்தது. நாலாம் அறைக்கும் ஏழாம் அறைக்கும் மட்டும் வெறும் கோடு.

இந்த வைரஸ் வயிற்றையும் கலக்கும் என்றார் எமில்டா.

"கலக்கட்டும் சிஸ்டர். பத்து பேரையும் பேசி வச்ச மாதிரி ஒரே நாள்லயா கலக்கும்?" என்றாள் உமாராணி. "இது வைரஸ் இல்ல. அடுப்படி."

சமையல்கட்டில் சுடலைக்கண்ணு அண்ணாச்சி மாலைக்கான வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். ஆறுமுகநேரிக்காரர். முந்நூறு பேருக்குச் சமைத்த அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பன்னிரண்டு பேருக்குச் சின்னச் சட்டியில் சமைப்பது அவருக்கு அவமானமாக இருந்தது. வயிற்றுப்போக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தன் சமையலில் இருபது வருஷமாக ஒருத்தர் வயிற்றைப் பிடித்ததில்லை என்று ஆரம்பித்து, அந்தச் செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை வரைக்கும் அவராகவே வந்து சேர்ந்தார்.

அன்றைக்குச் சாளை மீன் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை இங்கே படகு எதுவும் கடலுக்குப் போகாது, காலங்காலமாக அப்படித்தான். திங்கட்கிழமை போகிற படகும் ராத்திரிதான் கரைக்கு வரும். அதனால் திங்கள் மத்தியானம் அடுப்பில் ஏறுகிற மீன் என்னவானாலும் சனிக்கிழமை மீன்தான். எப்போதும் ஐஸ் பெட்டியில் போட்டு வைப்பார். அந்த ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் ஐஸ் வண்டி வரவில்லை. மீன் கொஞ்சம் தளர்ந்திருந்தது உண்மைதான். புளியையும் மிளகாயையும் கூட்டிப் போட்டுச் சரிக்கட்டிவிட்டார்.

"அப்போ மீனைத் திங்காதவ தப்பிச்சிருக்கா," என்று டெரன்ஸ் குறுக்கே பாய்ந்தான். "நாலும் ஏழும். இதுல ஒருத்தி சைவமா அண்ணாச்சி?"

நாலாம் அறைக்குத் தினமும் தனியாகச் சாம்பார் போகிறது என்றார் சுடலைக்கண்ணு. சண்முகப்ரியா என்று ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண். மீன் வாடைக்கே முகம் சுளிக்கிறவள். டெரன்ஸ் விரலை மடக்கினான். மிச்சம் பதினொரு பேருக்கு மீன், பத்து பேருக்கு வயிறு கலங்கியது. ஏழாம் அறைக்கு மட்டும் கலங்கவில்லை.

"கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறா இருக்கும் அக்கா. எங்க அப்பா அப்படித்தான்."

அதுவும் நடக்கக்கூடியதுதான். வயிறு கலங்கவில்லை என்பதை வைத்து ஒருத்தியைக் குற்றவாளியாக்க முடியாது. உமாராணி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது. அன்றைக்கு வேறு ஏதாவது நடந்ததா, யாராவது சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினார்களா என்று கேட்டாள். திரும்பி வருவதையெல்லாம் மஞ்சள் பையில் கட்டி அப்படியே எரித்துவிடுவார்களாம், தான் பார்ப்பதே இல்லை என்றார் சுடலைக்கண்ணு. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகச் சுவரில் தொங்கிய இன்டர்காமைக் காட்டினார்.

"சாப்பாடு போய்க் கொஞ்ச நேரத்துல பிளாக்குல இருந்து ஒரு பிள்ளை போன் போட்டுச்சு. 'அண்ணாச்சி, இது சனிக்கிழமை மீனு, கெட்டுப்போச்சு, வேற யாருக்கும் குடுத்திராதிய'ன்னுச்சு. எனக்கு வந்துச்சே கோவம். 'ஏளா, உங்க ஒருத்திக்கும் மூக்கு வேலை செய்யலன்னு நர்ஸம்மா சொல்லுதாவ, உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?'ன்னு கேட்டேன். டக்குனு வச்சிட்டா."

டெரன்ஸ் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணாச்சி," என்றான் டெரன்ஸ், "நீங்க துப்பறிய வந்திருந்தா எங்க ரெண்டு பேர் பொழப்பும் போயிருக்கும்."

தெற்குக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் அவன். அந்த அளவுக்குப் புளி போட்டால் மூக்கு உள்ளவனுக்குக்கூடத் தெரியாது, சாளை எத்தனை நாள் ஆனது என்று மூடியைத் திறந்ததும் கண்டுபிடிக்க வேண்டுமானால் அது கடற்கரை வீட்டில் பிறந்த மூக்குதான் என்று பிளாக்குக்குத் திரும்பி நடந்துகொண்டே சொன்னான். அங்கே யாருமே அந்த மீனை வாயில் வைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களை வைக்கவும் விட மாட்டார்கள். ஏழாம் அறையில் இருப்பது ஜெஸ்மி, பி.காம். இரண்டாம் வருஷம், ஊர் கடற்கரையோர மணப்பாடு என்று எமில்டா சொன்னதும் அவன் தலையை ஆட்டினான்.

பத்து நாள் பிசகாமல் நடித்தவள். வாயை மூடிக்கொண்டு குழம்பைக் கழிப்பறையில் கொட்டியிருந்தால் ஆண்டவனாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மற்ற பெண்கள் தின்றுவிடக் கூடாதே என்று போனை எடுத்தாள் பாருங்கள், அங்கேதான் மாட்டினாள். உமாராணிக்கு ஜெயித்த சந்தோஷம் வரவேண்டிய நேரம். வரவில்லை.

கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு ஏழாம் அறைக்கு வெளியே, தரையில் வரைந்திருந்த வட்டத்துக்குள் நின்று கதவைத் தட்டினாள். கதவு உடனே திறந்தது. தட்டுவதற்காகவே காத்திருந்த மாதிரி அவ்வளவு வேகமாகத் திறந்தது. ஒல்லியான பெண். எண்ணெய் வைத்துத் தலை சீவி, பவுடர் போட்டு, துவைத்து மடிப்புக் கலையாத சுடிதார் போட்டிருந்தாள். வந்திருப்பது நர்ஸ் இல்லை என்று தெரிந்ததும் முகம் வாடிப்போயிற்று.

"சனிக்கிழமை மீனுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டாள் உமாராணி.

ஜெஸ்மி அழவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் தாள் ஒட்டிய அன்று இருட்டுகிற நேரத்தில் கடைசி நம்பருக்குக் கீழே ஒரு வரி இடம் இருந்ததைப் பார்த்ததாகவும், பையில் அதே நீலப் பேனா இருந்ததாகவும் சொன்னாள். தன் நம்பர் முப்பத்தாறு. இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்றுதான் நினைத்தாளாம். மகாராஜனைப் பற்றி உமாராணி சொன்னபோதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த அண்ணனுக்கு என்னால வேலை போயிருமா? நான் இப்பவே எழுதித் தாரேன் மேடம். யாருட்ட வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

ஏன் செய்தாய் என்று உமாராணி கேட்டாள். வீட்டில் அடிக்கிறார்களா, பிடிக்காத கல்யாணம் ஏதாவது பேசுகிறார்களா, யாராவது பையன் விவகாரமா என்று வழக்கமான கதவுகளையெல்லாம் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இங்கன காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி சிஸ்டர் வந்து கதவைத் தட்டுவாவ. எப்படி இருக்கன்னு கேப்பாவ," என்றாள். "அவ்வளவுதான்."

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, தரையைப் பார்த்துக்கொண்டு அம்மா என்றாள். இதில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று உமாராணிக்குப் பட்டது. ஆனால் மணி மூன்று இருபது. மகாராஜனின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெஸ்மி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நாலே வரியில் நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பத்து நாள் கழித்து வெயிலைப் பார்த்தவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். மூன்று பேரும் ஆறடி ஆறடி தள்ளி, அம்புக்குறி காட்டிய வழியில் நடந்தார்கள்.

பிளாக்கிலிருந்து வந்தவளை அறைக்குள் விடக் கூடாது என்பதால் கல்லூரி முதல்வர் போர்ட்டிகோவுக்கே இறங்கி வந்தார். எல்லாரும் ஆளுக்கொரு வட்டத்தில் நின்றார்கள். முதல்வர் கடிதத்தைத் தூரத்தில் வைத்தே படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு சுகாதார அதிகாரிக்குப் போன் செய்து, லேப் டெக்னீஷியன் மீது எந்தத் தப்பும் இல்லை, எழுத்து மூலமாக வாக்குமூலம் இருக்கிறது என்று கறாராகச் சொன்னார். மணி மூன்று நாற்பத்தெட்டு. டெரன்ஸ் மகாராஜனுக்குச் செய்தி அனுப்பினான். பதிலுக்குக் கும்பிடும் கைகளாகவே ஒரு வரிசை வந்தது.

துப்பறியும் வேலை அதோடு முடிந்தது. உமாராணி கிளம்பியிருக்கலாம். கால் நகரவில்லை.

முதல்வர் ஜெஸ்மியின் பக்கம் திரும்பினார். கெட்ட மனுஷி இல்லை. விதிகளை எழுதி எழுதியே இரண்டு வருஷம் தூங்காத மனுஷி. விடுதியில் நோயாளி தவிர ஒரு மாணவியும் இருக்கக் கூடாது என்பது உத்தரவு, அரை மணி நேரத்தில் வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். கல்லூரி எல்லா மாணவிகளிடமும் தினமும் வாங்குகிற சுய அறிவிப்பு அதில் இருந்தது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்ற கேள்விக்கு எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் இல்லை என்று டிக் அடித்திருந்தாள் ஜெஸ்மி.

"வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க? அப்புறம் போறதுக்கு என்ன?" என்று கேட்டார் முதல்வர்.

ஜெஸ்மி தோள்பையை முன்னால் இழுத்து அணைத்துக்கொண்டாள். முதல்வர் கோப்பின் முதல் பக்கத்துக்கு வந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், தாயார் என்று போட்டிருந்த இடத்தைப் பார்த்துத் தன் போனில் அந்த எண்ணை அழுத்தினார்.

ஜெஸ்மியின் தோள்பைக்குள் மணி அடித்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. டெரன்ஸ் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஜெஸ்மி பையைத் திறந்து ஒரு பழைய போனை எடுத்தாள். ஓரம் தேய்ந்த உறை, பின்னால் மாதா படம் ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் பேசவில்லை, அணைக்கவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். உமாராணி மனதுக்குள் மாதங்களைப் பின்னோக்கி எண்ணினாள். எட்டு மாதத்துக்கு முன்னால் மே மாதம். ஊரில் மருத்துவமனைக் கட்டில் கிடைக்காமல் ஜனங்கள் செத்த மே மாதம். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று இந்தப் பெண் எழுதியதில் ஒரு நாள்கூடப் பொய் இல்லை. காய்ச்சல் வர அந்த வீட்டில் ஆளே இல்லை.

"அப்பா?" என்று மட்டும் கேட்டாள் உமாராணி.

"நான் ஒம்பதாவது படிக்கும்போதே கடல்ல," என்றாள் ஜெஸ்மி.

டெரன்ஸ் வட்டத்தைத் தாண்டி ஒரு எட்டு வைத்து, காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. முதல்வரின் கட்டைவிரல் போனை அணைக்கப் போயிற்று.

"கட் பண்ணிராதீங்க மேடம்," என்றாள் ஜெஸ்மி. "கொஞ்சம் அடிக்கட்டும். நான்தான் மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணி, சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். அம்மா போன பொறவு இந்த நம்பருக்கு ஒருத்தருமே கூப்பிடல."

முதல்வர் விரலை எடுத்துக்கொண்டார். நாலு பேரும் அவரவர் வட்டத்துக்குள் நின்று அந்த மணியைக் கேட்டார்கள். அது முழுசாக அடித்து ஓய்ந்தது. முதல்வர் கோப்பை மூடித் தரையில் வைத்துவிட்டு, மறுபடியும் அதே எண்ணை அழுத்தினார்.